வாங்காத கடற்கரை வீடு: ஒரு கணக்குப் பாடம்

சென்னையில் ‘குப்பம்’ என்று சொன்னால் கடல் நினைவுக்கு வரும். நொச்சிக்குப்பம், ஊரூர் ஆல்காட் குப்பம் என அங்கே அச்சொல் அலையோசையுடன் சேர்ந்தே வழங்குகிறது. நம்முடைய குப்பமோ மூன்று மாநிலங்கள் கூடும் மேட்டுநிலத்தில், கருங்கல் குவாரிகளுக்கும் பட்டுப்புழுக் கொட்டகைகளுக்கும் நடுவே அமைந்திருக்கிறது. சிறிய குடியிருப்பு என்பதே அச்சொல்லின் பொதுப்பொருள் என்பதால் பெயரில் பிழை ஏதுமில்லை. ஆயினும், பெயரில் மட்டும் கடலை வைத்துக்கொண்டு கடலைக் காணாமல் வாழும் ஊர் நம்முடையது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆதலால்தான் போலும், கடற்கரை வீடு என்ற கனவு நம் ஊரில் சற்று அதிகமாகவே உலவுகிறது. சென்னை–பெங்களூர் இருப்புப்பாதை நம் ஊர் வழியாகச் செல்கிறது. ஒருபுறம் வேலைக்குப் பெங்களூர். மறுபுறம் கோடை விடுமுறைக்குச் சென்னையும் மாமல்லபுரமும். போய்வந்தவர்கள் சிப்பிகளோடு ஒரு வாக்கியத்தையும் கொண்டுவந்தார்கள்: “அந்தக் காலத்தில் கோவளம் பக்கத்தில் மனை மலிவாக வந்தது, நாம்தான் வாங்காமல் விட்டுவிட்டோம்.” பல வீடுகளில் இவ்வாக்கியம் தந்தையிடமிருந்து மகனுக்குச் சொத்துப்போல் இறங்கி வந்திருக்கிறது. வாங்காத அந்த வீட்டுக்குத் திண்ணை உண்டு, இரண்டு தென்னை உண்டு, மாலையில் காற்று வாங்கச் சாய்வு நாற்காலி உண்டு. வரி மட்டும் இல்லை. வெள்ளையடிக்கும் செலவும் இல்லை.

கனவு காண்பதில் குற்றமில்லை. ஆனால், வாங்காத வீட்டைப் பற்றிய வருத்தம், இன்று வாங்கக்கூடாத மனையை வாங்கத் தூண்டுமானால், அது சேமிப்பைப் பாதிக்கும். அவ்வருத்தத்தை ஒருமுறை தாளில் எழுதிக் கணக்குப் பார்ப்பதே இவ்விதழின் பாடமாகும்.

பின்னோக்கிப் பார்க்கும் கண்

“விலை ஏறும் என்று அப்போதே எனக்குத் தெரியும்” என்று நாம் கூறுவதுண்டு. உண்மையில் தெரிந்திருந்ததா? பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்னும் உளவியலாளர் 1970களில் இதை ஆராய்ந்தார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் 1972இல் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் செல்லுமுன், அப்பயணங்களில் என்னென்ன நிகழக்கூடும் என்று மாணவர்களிடம் கேட்கப்பட்டது. பயணங்கள் முடிந்த பின், தாங்கள் முன்பு கூறிய கணிப்புகளை நினைவுகூருமாறு அவர்களிடமே கேட்கப்பட்டது. நிகழ்ந்துவிட்டவற்றைத் தாங்கள் முன்னரே உறுதியாகக் கணித்ததாகப் பலரும் நினைவுகூர்ந்தனர். அவர்களுடைய பழைய விடைகளோ அவ்வளவு உறுதியாக இருந்திருக்கவில்லை.

மனை விலையிலும் இதுவே நிகழ்கிறது. 1990களின் தொடக்கத்தில் கடற்கரையோர மனையைப் பார்க்கச் சென்றவர் கண்டது மணலும் சவுக்குத்தோப்பும் உப்புத்தண்ணீர்க் கிணறும்தான். அகன்ற கிழக்குக் கடற்கரைச் சாலையும், அதையொட்டி வளர்ந்த நகரமும் அன்று அவர் கண்ணில் படவில்லை. இன்று நாம் அவற்றைத் தெரிந்துகொண்டு, அந்த அறிவை அன்றைய மனிதரின் தலையில் வைத்துவிட்டு, “ஏன் வாங்கவில்லை?” என்று அவரைக் குற்றம் சாட்டுகிறோம். அவர் அன்று தம் கையிருப்பைக் கொண்டு பெண்ணின் படிப்பையோ, ஆழ்துளைக் கிணற்றையோ, தம் ஊரிலேயே ஒரு வீட்டையோ தேர்ந்திருப்பார். அது பிழையான முடிவன்று.

இன்னொரு செய்தியும் உண்டு. தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்னும் இரு ஆய்வாளர்கள் 1990களில் வருத்தங்களின் போக்கை ஆராய்ந்தனர். அண்மைக்காலத்தில் செய்த செயல்களே மனிதரை அதிகம் உறுத்துகின்றன. நெடுங்காலத்தைத் திரும்பிப் பார்க்கும்போதோ செய்யாமல் விட்டவையே பெரிதாகத் தெரிகின்றன என்று அவர்கள் எழுதினர். காரணம் விளங்கக்கூடியதே. வாங்கிய வீட்டின் குறைகள் நமக்குத் தெரியும்: கூரை ஒழுகும், குடியிருப்பவர் வாடகை தரமாட்டார், அண்டைவீட்டார் வேலியை நகர்த்துவார். வாங்காத வீட்டில் எதுவும் ஒழுகுவதில்லை. அது ஆண்டுக்காண்டு அழகாகிக்கொண்டே போகிறது.

முப்பது ஆண்டுக் கணக்கு

இனி எண்களுக்கு வருவோம். பின்வரும் தொகைகள் விளக்கத்திற்காக நாம் எடுத்துக்கொண்டவை.

1995இல் 2 லட்சம் ரூபாய்க்குச் சொல்லப்பட்ட மனை 2025இல் 60 லட்சம் பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பது மடங்கு! கேட்டவுடன் நெஞ்சு அடைக்கிறது. ஆனால், கூட்டு வட்டியின் கண்ணால் பார்த்தால், முப்பது ஆண்டுகளில் முப்பது மடங்கு என்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 12 விழுக்காட்டு வளர்ச்சியே ஆகும்.

இதை மனக்கணக்காகவே சரிபார்க்கலாம். 72 என்ற எண்ணை வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாகும் ஆண்டுகள் தோராயமாகக் கிடைக்கும். 72ஐ 12ஆல் வகுக்க, ஆறு ஆண்டுகள். முப்பது ஆண்டுகளில் ஐந்து இரட்டிப்புகள்: 2 லட்சம் 4 ஆகும், 4, 8 ஆகும், பின் 16, 32, 64. நம் 60 லட்சத்திற்கு மிக அருகில் வந்துவிட்டோம்.

12 விழுக்காடு என்பது நல்ல வளர்ச்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால், அது மாயமன்று. 1988இல் அறிமுகமான கிசான் விகாஸ் பத்திரம் அக்காலத்தில் ஐந்தரை ஆண்டுகளில் பணத்தை இரட்டிப்பாக்கியது. அது ஆண்டுக்கு 13 விழுக்காட்டுக்கும் மேல். அந்த விகிதம் முப்பது ஆண்டுகளும் நீடிக்கவில்லை. பின்னர் படிப்படியாக இறங்கிவிட்டது. ஆதலால், முப்பதாண்டுச் சராசரியாக 9 விழுக்காடு என்று கொள்வோம். 2 லட்சம் ஏறத்தாழ 26 லட்சத்து 50 ஆயிரமாகியிருக்கும். 60க்கும் 26.5க்கும் வேறுபாடு பெரிது. அந்த வேறுபாடு முழுவதையும் நாம் இழந்துவிட்டோமா?

இல்லை. மனை தன் பங்குக்குச் செலவும் கேட்கும். பத்திரப்பதிவின்போது முத்திரைத்தீர்வை; பின் வேலி, காவல், வரி, ஆக்கிரமிப்பு நேராதிருக்க ஆண்டுக்கு இரண்டு முறையாவது போய்வரும் செலவு. கட்டடம் எழுப்பினால் உப்புக்காற்று கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும், சுவர் பெயரும், சன்னல் கீல்கள் இற்றுப்போகும். இவையெல்லாம் சேர்ந்து ஆண்டு வளர்ச்சியில் ஒரே ஒரு விழுக்காட்டை உண்டுவிட்டால், 12 என்பது 11 ஆகும். 11 விழுக்காட்டில் முப்பது ஆண்டு முடிவில் கிடைப்பது ஏறத்தாழ 46 லட்சம். ஒரே ஒரு விழுக்காடு 14 லட்சத்தைத் தின்றுவிட்டது! விற்கும்போது மூலதன ஆதாய வரியும் உண்டு.

இவ்வளவு கழித்த பின்னும் சில மனைகள் வைப்புநிதியை வென்றிருக்கும். அதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், எல்லா மனைகளும் வென்றிருக்கா. நாம் கனவில் வாங்குவது எப்போதும் விலை ஏறிய மனையை மட்டுமே. வழக்கில் சிக்கிய மனையையும், மணல் அரித்துப்போன மனையையும் கனவில் வாங்கியவர் எவருமில்லை.

கடலும் ஒரு பங்காளி

கடற்கரை மனைக்கு நான்கு எல்லைகளில் ஒன்று கடல். அந்த எல்லைக்கல் மட்டும் இடம்பெயரும்.

சென்னையின் வரலாறே இதற்குச் சான்று. வங்கக்கடலின் இக்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுசெல்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபோது, அம்மணல் தெற்கே தேங்கியது. இன்று நாம் காலாற நடக்கும் மெரினாவின் அகலம் அவ்வாறு வந்ததே. வடக்கே இராயபுரம் பக்கமோ மணல் வரவு நின்று கரை அரிக்கப்பட்டது. ஒரே சுவர் ஒரு பக்கத்தாருக்குக் கடற்கரையைக் கொடுத்தது, மறுபக்கத்தாரிடமிருந்து எடுத்துக்கொண்டது. புதுச்சேரியிலும் 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் வந்த பின் நகரின் முன்னிருந்த மணற்பரப்பு மறைந்து, பாறைகளைக் கொட்டிக் கரையைக் காக்க வேண்டியதாயிற்று.

தேசியக் கடற்கரை ஆய்வு மையம் 1990 முதல் 2018 வரையிலான கரைமாற்றங்களை ஆராய்ந்து, இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகக் கண்டறிந்தது. தமிழ்நாட்டில் அது நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். ஆந்திரத்தில் ஏறத்தாழ 29.

மெல்ல அரிக்கும் கடல் சில வேளைகளில் ஒரே இரவில் வந்துவிடுவதும் உண்டு. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. இரயில் நிலையமும் அஞ்சலகமும் கோயிலும் தேவாலயமும் கொண்டிருந்த ஊர், மக்கள் வாழத் தகுதியற்றதென அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம்.

கரையில் பிறந்து வளர்ந்தவர்கள் இதை அறிந்தவர்கள். பல மீனவ ஊர்களில் பழைய வீடுகள் மணல்மேட்டுக்குப் பின்னால் இருக்கும். கடலுக்கு முன்னால் இருப்பவை படகும் வலையும் மட்டுமே. கடலைப் பார்த்துக்கொண்டே காப்பி அருந்த வேண்டும் என்ற ஆசை, கடலோடு வாழாத நமக்குரியது.

சட்டம் கிழித்த கோடு

1991 பிப்ரவரி 19ஆம் நாள் நடுவண் அரசு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. உயர் அலைக்கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரையுள்ள பகுதி அதன் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஊர்ப்புறக் கடற்கரைகளில் முதல் 200 மீட்டர், புதிய வீடுகள் எழுப்பக்கூடாத பகுதியாயிற்று. 2011இல் புதிய அறிவிக்கை வந்தது. 2019 சனவரியில் மீண்டும் ஒன்று வந்து, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறங்களுக்கு அந்த 200 மீட்டரை 50 மீட்டராகக் குறைத்தது. நெருக்கம் குறைந்த இடங்களில் 200 மீட்டரே நீடிக்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் எந்தக் கோடு என்பதை ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மை வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும். தரகரின் வண்ணத்தாளில் அன்று.

இக்கோட்டை மீறினால் என்னவாகும் என்பதைக் கொச்சியின் மரடு காட்டியது. காயலோரத்தில், உள்ளாட்சி அனுமதியுடன் எழுந்த நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புத் தொகுதிகள் கடற்கரை விதிகளுக்கு முரணானவை எனக் கண்ட உச்ச நீதிமன்றம், 2019 மே மாதம் அவற்றை இடிக்க ஆணையிட்டது. 2020 சனவரி 11, 12 ஆகிய நாள்களில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. நீர்முகப்பு வீடு என்ற ஆசையில் முழு விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடாக ஆளுக்கு 25 லட்சம் வழங்கச் செய்தது. வாங்கியோர் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். பத்திரம் இருந்தது, அனுமதித்தாள் இருந்தது. கோடு எங்கே போகிறது என்பதை மட்டும் யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

வாங்கி வென்றவர்களும் உண்டு

அப்படியானால், கடற்கரையில் நிலம் வாங்கியவர் எல்லாரும் பிழை செய்தவர்களா? இல்லை. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் உருவான சோழமண்டல ஓவியர் கிராமத்தைப் பாருங்கள். சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில், ஓவியர்களும் சிற்பிகளும் துணி ஓவியம் போன்ற கைவினைப்பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தில் கடலோர நிலத்தைக் கூட்டாக வாங்கினர். அன்று அது நகருக்கு வெளியே கிடந்த மணற்காடு. அங்கேயே சிறு வீடுகளும் பட்டறைகளும் அமைத்து வாழ்ந்தனர், வரைந்தனர், அந்தக் கிராமம் இன்றும் இருக்கிறது.

அவர்கள் விலை ஏறும் என்று கணித்து வாங்கவில்லை. குறைந்த செலவில் வாழவும் தொழில் செய்யவும் ஓர் இடம் வேண்டும் என்று வாங்கினர். வாங்கிய மறுநாள் முதலே அந்நிலம் அவர்களுக்குப் பயன்பட்டது. விலை ஏறாமலே போயிருந்தாலும் அவர்கள் தோற்றிருக்கமாட்டார்கள். சொத்து வாங்குவோர் அனைவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே: விலை ஒரு ரூபாய்கூட ஏறாவிட்டாலும் இது எனக்குப் பயன்படுமா?

பழைய வருத்தம், புதிய பத்திரம்

இனி, இப்பாடத்தை இப்போது எழுதுவதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். பழைய சித்தூர் மாவட்டத்திற்குக் கடற்கரை இருந்ததில்லை. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி மாவட்டம் உருவானபோது, நெல்லூர் மாவட்டத்திலிருந்த சூளூர்ப்பேட்டை, கூடூர் பகுதிகள் அதனுடன் சேர்ந்தன. நமக்கு அண்டையான மாவட்டத்திற்குப் பழவேற்காடு ஏரியும் வங்கக்கடலும் வந்தன. கடல் நம் பக்கம் வந்துவிட்டதுபோல் ஓர் எண்ணம் எழுவது இயல்பே.

ஓய்வுபெற்ற ஒருவரை நினைத்துக்கொள்வோம். பணிக்கொடை நிரந்தர வைப்பில் இருக்கிறது. அதன் வட்டியில் மருந்தும் மளிகையும் நடக்கின்றன. “அன்று கோவளத்தை விட்டீர்கள், இன்று இதையும் விடப்போகிறீர்களா?” என்று ஒருவர் கேட்கிறார். அவ்வொரு கேள்வி முப்பது ஆண்டு வருத்தத்தைக் கிளறிவிடுகிறது. முதிர்வுக்கு முன்பே வைப்பு முறிக்கப்படுகிறது, வட்டி குறைகிறது, முன்பணம் போகிறது. இங்கே விற்கப்பட்டது மனை மட்டுமன்று; பழைய வருத்தத்திற்கு ஒரு பரிகாரம். அந்தப் பரிகாரத்திற்கு விலையாகப் போவதோ, மருந்துக்கு வட்டி தந்துகொண்டிருந்த முதல்.

கையெழுத்திடுமுன் பார்க்க வேண்டியவை சில உள. மூலப்பத்திரமும் குறைந்தது முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றும் கேளுங்கள். ஆந்திரத்தில் அடங்கலையும் 1-பி பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நிலம் பதிவுச் சட்டத்தின் 22-ஏ தடைப்பட்டியலில் இருக்கிறதா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் உறுதி செய்யுங்கள். அரசு ஏழைகளுக்கு ஒதுக்கிய நிலத்தைக் கைமாற்ற 1977ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்பாடு விதிக்கிறது; கடலோரத்தில் அத்தகைய நிலங்களும் உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவாயின், 2016ஆம் ஆண்டு வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டுள்ளதா என்று பாருங்கள். இறுதியாக, அதே மனைக்கு வங்கிக் கடன் கேட்டுப் பாருங்கள்; கடன் வேண்டாமென்றாலும் கேளுங்கள். வங்கியின் வழக்கறிஞர் தயங்கும் மனையைச் சொந்தப் பணத்தில் வாங்குவது துணிச்சலன்று.

கனவை என்ன செய்வது?

டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் ஆகிய இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே பொருந்தும். தென்கலிபோர்னியாவிலும் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியிலும் பயிலும் ஏறத்தாழ 2,000 மாணவர்களிடம் அவர்கள் கேட்டனர். கலிபோர்னியாவில் வாழ்வோரே மகிழ்ச்சியாக இருப்பர் என்று இரு பகுதியினரும் நினைத்தனர். ஆனால், தம் வாழ்வில் தாம் கொண்டிருக்கும் நிறைவைச் சொல்லச் சொன்னபோது இரு பகுதியினரிடையே வேறுபாடு காணப்படவில்லை. இடத்தை எண்ணும்போது நாம் வெயிலையும் காற்றையும் கடலையும் எண்ணுகிறோம்; அங்கும் தொடரும் அன்றாட வேலைகளையும் கவலைகளையும் எண்ணுவதில்லை.

ஆதலால், கனவின் எந்தப் பகுதி நமக்கு வேண்டும் என்று பிரித்துப் பார்ப்போம். வீடு வேண்டுமா, கடற்காற்று வேண்டுமா? 60 லட்சம் 6.5 விழுக்காட்டில் ஆண்டுக்கு 3 லட்சத்து 90 ஆயிரம் தரும். அப்பணத்தை வீட்டில் முடக்கி, ஆண்டுக்குப் பன்னிரண்டு இரவுகள் அங்கே தங்கினால், ஓர் இரவின் விலை 32,500 ரூபாய். மனையின் மதிப்பு உயருமே என்று கேட்கலாம். உயரலாம், ஆனால், அவ்வுயர்வு விற்கும் நாளில்தான் கைக்கு வரும். விற்ற பின் வீடு இல்லை.

இதற்கு மாறாக, மாதம் 3,000 ரூபாய் வீதம் ஒரு தொடர் வைப்பு தொடங்கினால், ஆண்டு முடிவில் 36,000 ரூபாயும் வட்டியும் சேரும். குப்பம் நிலையத்தில் இரயிலேறி, குடும்பத்துடன் கடலோரத்தில் சில நாள் தங்கிவர அது போதும். ஓராண்டு மாமல்லபுரம், மறு ஆண்டு விசாகப்பட்டினம், பிறகு தனுஷ்கோடியே. எந்தக் கரை அரித்தாலும் நம் முதல் அரிக்காது.

பயிற்சி

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்காமல் விட்ட மனையின் அன்றைய விலை, இன்றைய விலை, இடைப்பட்ட ஆண்டுகள் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். விலை எத்தனை முறை இரட்டிப்பாகியிருக்கிறது என்று எண்ணி, ஆண்டுகளை அவ்வெண்ணால் வகுத்து, கிடைப்பதைக் கொண்டு 72ஐ வகுங்கள். அதுவே ஆண்டு வளர்ச்சியின் தோராய விகிதம். அதிலிருந்து பராமரிப்புக்கு ஒரு விழுக்காட்டைக் கழியுங்கள். அதன் கீழே, அந்தப் பணத்தைக் கொண்டு அன்று நீங்கள் உண்மையில் என்ன செய்தீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள்.

அந்த வரியில் ஒரு மகளின் பட்டமோ, தாயாரின் அறுவை மருத்துவமோ, நாம் இன்று குடியிருக்கும் வீடோ இருக்கக்கூடும். கடற்கரை வீட்டின் விலையை ஒவ்வொரு முறை சொல்லும்போதும், அந்த வரியையும் சேர்த்துச் சொல்வோம். அப்போதுதான் கணக்கு நேராகும்.